ஆளுக்கொரு மணி

மார்ச் 4

சின்னு,

போனில் பேசினால் என் குரல் உயரும். பக்கத்து அறையில் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்து தன் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய என் வீட்டுக்காரர், செருப்பைக்கூடக் கழற்றாமல் மாத்திரை அட்டையைப் பற்றித்தான் சொன்னார். நான் வாங்கி அனுப்பிய பிரஷர் மாத்திரையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறதாம். மாமா தலைசுற்றி, குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். இவர் அழைத்துப்போய்க் காட்ட, பிரஷர் பார்த்த டாக்டர், "இவரு மாத்திரை போடறாரா, இல்ல அலமாரிக்கு அலங்காரமா வச்சிருக்காரா?" என்று கேட்டாராம். இதெல்லாம் நீ சொல்லி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த மணிக்கான நிரலை எதற்காக எழுதிக் கொடுத்தேன் என்று உனக்குத் தெரியும். பழைய போனில் காலையில் மணி அடிக்கும், மாமா மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டனை அழுத்துவார், இங்கே என் போனுக்கு "கொடுத்தாச்சு" என்று செய்தி வரும். இன்று வரை ஒரு நாள்கூடச் செய்தி தவறவில்லை. ஆனால் போன மாதத்திலிருந்து அது காலையில் வருவதில்லை, இரவில் வருகிறது. காலை மாத்திரைக்கு இரவில் எதற்குப் பட்டன்? எனக்குத் தோன்றும் பதில் ஒன்றுதான். பகல் முழுக்க மறந்துவிட்டு, படுக்கப் போகும்போது என் கண்ணில் மண்ணைத் தூவ நீ அழுத்தியிருக்கிறாய்.

மறப்பது மனித இயல்பு. மறந்ததை மறைக்கப் பட்டனை அழுத்துவது வேறு. அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இங்கே லிப்ட் வேலை முடிந்துவிட்டது. லிப்ட் இல்லை என்பதால்தான் அவரை உன்னிடம் அனுப்பினோம். மாத முடிவில் கார் எடுத்துக்கொண்டு வருகிறோம். எங்கள் மாமாவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அவருடைய துணிமணியை எடுத்து வை.

அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல் செட் செய்யும் எங்கள் லேபில், சாப்பாட்டு இடைவேளையில், கையில் பல் செட்டோடு படித்தேன். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல் கோணலாகப் போய்விட்டது. அந்தக் கணக்கும் என் தலையில்தான்.

முதலில் ஒன்று. "எங்கள் மாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் "நம்" என்றும் ஒரு சொல் இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்ட இரண்டு பேர் நாம். அந்த "எங்கள்" என்பதற்குள் நான் இல்லை என்று கோபத்தில் எழுதினீர்களா, நிஜமாகவே அப்படித்தானா?

இரண்டாவது. நான் மாமாவுக்காக ஒரு நாளும் பொய்யாகப் பட்டனை அழுத்தியதில்லை. இரவில் அழுத்தியது உண்மை. அது எனக்காக.

போன மாதம் டாக்டர் எனக்கு ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் இரவு போட வேண்டும். எனக்கு மறதி அதிகம் என்று உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறேனே, நீங்களும் "பழகிப் பார்" என்று உங்கள் நிரலைக் கொடுத்தீர்களே, அதிலேயே எனக்கும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நோயாளி என்ற உங்கள் கிளாஸை அச்சாக வைத்து, நியூ போட்டு, எனக்கென்று ஓர் ஆப்ஜெக்ட் வார்த்தேன். அதைக் கூப்பிட்டு "கொடுத்தாச்சு" என்றால், அப்படி ஒரு வேலையே, ஃபங்ஷனே, தன்னிடம் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னது. கண்ணெதிரே கிளாஸில் எழுதியிருக்கிறது, இல்லை என்கிறது. வகுப்பு வாத்தியாரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. பிறகு எக்ஸ்டெண்ட்ஸ் போட்டு, நோயாளிக்குப் பிள்ளையாக "சின்னு" என்று இன்னொரு கிளாஸ் எழுதினேன். அது வேலை செய்தது. அதாவது, செய்தது என்று நினைத்தேன்.

நான் காலையில் லேபுக்குக் கிளம்பிய பிறகுதான் மாமாவின் மணி அடிக்க வேண்டும். அடிக்கிறதா என்று பார்க்க நான் அங்கே இல்லை. நேற்றுக் கேட்டேன். "மணி அடிச்சா போடுவேன். பெரியவ வச்ச மணி. அவ நிறுத்திட்டான்னா டாக்டர் நிறுத்தச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்" என்கிறார். உங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. தலைசுற்றியதையும் என்னிடம் அவர் சொல்லவில்லை, உங்கள் வீட்டுக்காரரிடம்தான் சொல்லியிருக்கிறார்.

நிரலை அப்படியே அனுப்பியிருக்கிறேன். காருக்குப் பெட்ரோல் போடுவதற்கு முன்னால் ஒரு தரம் படித்துப் பாருங்கள். மாமா இங்கேயே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்து வர இன்னும் பல மாதம் ஆகும்.

சின்னு

மார்ச் 9

சின்னு,

படித்தேன். இரண்டு முறை படித்தேன், ஏனென்றால் முதல் முறை நம்ப மனமில்லை. தவறு நான் எழுதியதில் இருக்கிறது.

நோயாளி கிளாஸில் நான் எல்லாவற்றையும் ஸ்டாடிக் என்று எழுதியிருக்கிறேன். கடைசி வேளை எப்போது என்ற குறிப்பு ஸ்டாடிக். அதை எழுதும் "கொடுத்தாச்சு" ஸ்டாடிக். மணி அடிக்கலாமா என்று பார்ப்பதும் ஸ்டாடிக். ஸ்டாடிக் என்றால் அது கிளாஸுக்கே சொந்தம், அந்தக் கிளாஸில் செய்த ஆப்ஜெக்டுகளுக்கு இல்லை. அதனால்தான் நீ நியூ போட்டுச் செய்த ஆப்ஜெக்ட் கையை விரித்தது. வாத்தியாரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். வெட்கப்பட வேண்டியது நீயில்லை.

வீட்டுக்கு வாசல் மணி ஒன்று போதும். பல் துலக்கும் பிரஷ் ஆளுக்கு ஒன்று வேண்டும். நான் பிரஷ்ஷைக் கொண்டுபோய் வாசலில் மாட்டியிருக்கிறேன். இருப்பது ஒரு நோயாளி, அவருக்கு எதற்கு நியூ, எதற்குத் தனி ஆப்ஜெக்ட் என்று அன்று நினைத்தேன். வேலையில் நான் விமான நிலையத்துப் பெட்டி பிரிக்கும் பெல்ட்டுக்கு நிரல் எழுதுகிறவள். அங்கே இதைச் செய்திருந்தால் எல்லாப் பெட்டியும் ஒரே விமானத்தில் ஏறியிருக்கும். வீட்டு வேலை என்றால் கை தளர்ந்துவிடுகிறது.

நடந்தது இதுதான். "கொடுத்தாச்சு" என்பதற்குள் நான் "நோயாளி.கடைசிவேளை" என்று கிளாஸின் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கிறேன். உன் சின்னு கிளாஸ் அந்த ஃபங்ஷனை நோயாளி கிளாஸிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஆகவே நீ இரவில் உன் மாத்திரைக்கு அழுத்தினாலும் அது மாமாவின் குறிப்பில்தான் போய் விழுந்தது. ஒரு வேளை தாமதமாகப் போட்டால் அடுத்த வேளை உடனே சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கடைசி வேளைக்குப் பிறகு முக்கால் நாள் ஆகாமல் மணி அடிக்காது என்று விதி வைத்திருந்தேன். இரவிலிருந்து காலை வரை அரை நாள்கூட இல்லை. மாமாவின் மணி வாயை மூடிக்கொண்டது. எனக்கு வந்த செய்தியில் யார் போட்டது என்று பெயர் இல்லை, பெயர் எதற்கு, ஒரே ஆள்தானே. உன் மணி மட்டும் தினமும் ஒழுங்காக அடித்தது.

சரி செய்வது சுலபம். கிளாஸின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் "திஸ்" என்று மாற்று. ஸ்டாடிக் ஃபங்ஷனுக்குள் திஸ் என்றால், எந்தக் கிளாஸைக் கூப்பிட்டோமோ அந்தக் கிளாஸ். நோயாளியைக் கூப்பிட்டால் மாமாவின் குறிப்பில் எழுதும், சின்னுவைக் கூப்பிட்டால் உன் குறிப்பில். இங்கே இரண்டையும் ஒவ்வொரு முறை அழுத்திப் பார்த்தேன், தனித்தனியாக நிற்கிறது. கோப்பை அனுப்பியிருக்கிறேன், பழைய போனில் போட்டுக்கொள்.

பட்டனைப் பற்றி நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். "எங்கள்" என்று எழுதியது கோபத்தில்தான். ஆனால் கார் வருவது வருவதுதான். மணி அடிக்காவிட்டால் மாத்திரையும் இல்லை என்று இருக்கிற மனிதரை நாள் முழுக்கத் தனியாக விடுவது சரியில்லை. நீ வேலைக்குப் போகிறாய், வீட்டில் ஆள் இல்லை. இங்கே பகலில் மகள் இருக்கிறாள்.

அது சரி, சத்து மாத்திரைக்கு எதற்கு மணி? ஒரு நாள் மறந்தால் என்ன குடி முழுகிவிடும்?

அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய கோப்பை நேற்றுக் காலை போட்டுவிட்டு, மணி அடிக்கும் நேரம் வரை லேபுக்குக் கிளம்பாமல் காத்திருந்தேன். மாமாவின் மணி அடித்தது. அவர் மணியைப் பார்த்து, "வந்துட்டியா" என்று கேட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். உங்களுக்கும் செய்தி வந்திருக்கும், காலையில்.

பிரஷ் உதாரணம் நன்றாக இருந்தது. பல் லேபில் வேலை பார்க்கிறவளுக்கு ஏற்ற பாடம். சனிக்கிழமை வகுப்பில் என் பெயரில் சொல்லிக் கொஞ்சம் பேர் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

வீட்டில் ஆள் இல்லை என்கிறீர்கள். கீழ்த் தளத்துத் தையற்கார அம்மாவிடம் சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். மத்தியானம் ஒரு தரம் எட்டிப் பார்க்கிறார். மாமாவும் அவரும் மணிக்கணக்கில் அரசியல் பேசிச் சண்டை போடுகிறார்கள். இந்த வாரம் பேச்சுவார்த்தை இல்லை, ஆனாலும் எட்டிப் பார்ப்பது நிற்கவில்லை. சாயங்காலம் நான் வந்துவிடுவேன். மாமா காய் நறுக்குவார், நான் சமைப்பேன். காயை அவர் நறுக்குகிற அளவில் பார்த்தால் ஒரு துண்டே ஒரு வாய். அதைப் பற்றிப் புகார் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மறந்தால் குடி ஒன்றும் முழுகாது. பழக்கம் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

அக்கா, உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறையில் எந்த டப்பாவில் எது என்றுகூடக் கேட்காமல் திறந்து திறந்து பார்த்தவள் நான். இதைக் கேட்கிறேன். இவர் வரும்வரை மாமா இங்கே இருக்கட்டும். காரணம் கேட்காமல் விட்டால் இன்னும் நல்லது.

சின்னு

மார்ச் 17

சின்னு,

மாமா போன் செய்தார். அவரே எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. குரலில் பதற்றமே இல்லை. "சின்னவளுக்குக் காலையில வலிப்பு வந்துடுச்சு. அடுப்படியில விழுந்துட்டா. இப்போ நிதானம் ஆயிட்டா, தூங்கறா. நெத்தியில மட்டும் சின்னக் காயம். நீ ஒண்ணும் பதறாதே. உன் மணி அவளுக்கு அடிக்கலைங்கறா, அதான் கேக்கலாம்னு கூப்பிட்டேன்" என்றார்.

நான் ஆபீஸில் இருந்தேன். எழுந்து போய்க் கழிவறையில் நின்றுகொண்டேன். பிறகு வந்து உட்கார்ந்து என் நிரலைத் திறந்தேன். எனக்கு வேறென்ன தெரியும்?

அது சத்து மாத்திரை இல்லை என்று இப்போது புரிகிறது.

ஏன் அடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன், நீ உன்னையே திட்டிக்கொள்ளக் கூடாது. திஸ் என்று மாற்றினால் எழுதுவது தனித்தனி ஆகிவிடும். அது சரிதான். ஆனால் படிப்பது அப்படி இல்லை. பிள்ளை கிளாஸில் ஒரு ஸ்டாடிக் குறிப்பு இல்லாவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் இல்லை என்று சொல்லாது. போய்த் தாய் கிளாஸில் தேடி, அங்கே இருப்பதை எடுத்துக் காட்டும். புதுக் கோப்பைப் போட்ட அன்று உன் கிளாஸில் சொந்தக் குறிப்பு எதுவும் இல்லை. இரவில் உன் மணி "கடைசி வேளை எப்போது?" என்று கேட்டது. மாமா காலையில் போட்டதைத்தான் பதிலாகக் கொடுத்தது. காலையிலிருந்து இரவு வரை அரை நாள்தான், முக்கால் நாள் ஆகவில்லை. அடிக்கவில்லை. நீ ஒரே ஒரு முறை பட்டனை அழுத்தியிருந்தால் உனக்கென்று குறிப்பு பிறந்திருக்கும், அதன்பின் எல்லாம் சரியாக நடந்திருக்கும். மணி அடிக்காததால் நீ அழுத்தவில்லை, அழுத்தாததால் மணி அடிக்கவில்லை. ஒவ்வோர் இரவும் அதே கதை.

நான் இரண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சரி என்று அனுப்பினேன். அழுத்துவதற்கு முன்னால் எப்படி இருக்கும் என்று பார்க்கவில்லை. சத்து மாத்திரைதானே என்று அலட்சியம். வலிப்பு மாத்திரை என்று தெரிந்திருந்தால் பத்து தடவை பார்த்திருப்பேன். இதைப் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று மட்டும் எழுது. முதலில் மாத்திரையைப் போடு. அந்த மணியை நம்பாதே.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

நெற்றியில் பிளாஸ்திரி. லேபில் கேட்டவர்களிடம் அலமாரிக் கதவு இடித்தது என்று சொன்னேன். எனக்கு இந்த மாதிரிக் கதைகள் நன்றாக வரும். சிறு வயதிலிருந்து பழக்கம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். எங்கள் கல்யாணத்துக்கு முன் இவரிடம் சொன்னேன். இவர் மாமாவிடம் சொன்னார். மாமா, "நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். உங்களிடமும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். கல்யாணப் புடவை எடுக்கப் போன கடையில், உங்கள் தோழி யாரோ ஒரு சம்பந்தத்தைப் பற்றிச் சொல்ல, நீங்கள், "பொண்ணுக்கு வலிப்பா? அந்த வீட்டுப் பக்கமே போகாதே" என்றீர்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்களுக்கு நினைவிருக்காது. சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். எனக்கு அன்றைக்கு வாய் அடைத்துவிட்டது, பிறகு திறக்கவே இல்லை.

பல வருஷமாக வரவே இல்லை, அதனால் மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்கள். போன மாதம் மறுபடி வந்தது. மாமா பக்கத்தில் இருந்தார். டாக்டர் பழைய மாத்திரையையே தொடங்கிவிட்டார். அந்த மாத்திரையே மறதியைக் கொடுக்கும். போட்டோமா இல்லையா என்று படுக்கையில் உட்கார்ந்து யோசிப்பேன், இரண்டு தடவை போட்டுவிட்டால் என்ன ஆவது என்று பயம். அதனால்தான் மணி. மணி அடிக்காவிட்டால் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துவிடுவேன். உங்கள் மணியை நம்பியது மாமா மட்டுமல்ல.

அவரை ஏன் அனுப்ப மாட்டேன் என்றேன் என்று இப்போது தெரிந்திருக்கும். தனியாக இருக்க எனக்குப் பயம். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டேன். இந்த வயதில் ஒரு மனிதரை அப்படி வைத்துக்கொள்வது நியாயமில்லை. அன்று அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் இருந்தது. அது அவர் மேல் கொட்டியிருந்தால்?

நீங்கள் சொன்னதுதான் சரி. மாத முடிவில் கார் எடுத்து வாருங்கள். துணிமணியை எடுத்து வைக்கிறேன். நான் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். லேபுக்கு அங்கிருந்து போக முடியாது. வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

மனதில் எதையும் வைத்துக்கொண்டு எழுதவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சின்னு

மார்ச் 24

சின்னு,

கடையில் சொன்னது எனக்கு நினைவில்லை. நினைவில்லாத அளவுக்குச் சுலபமாக அதைச் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் உறுத்துகிறது. அதற்கு என்ன எழுதினாலும் ஈடாகாது. மன்னித்துவிடு.

நிரலைப் புதிதாக எழுதிவிட்டேன். இப்போது ஆளுக்கு ஓர் ஆப்ஜெக்ட். பெயரும் மாத்திரையும் கடைசி வேளையும் அவரவர்க்குள் இருக்கும், ஒருவருடையதை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. ஸ்டாடிக்காக விட்டது ஒன்றே ஒன்று. இரண்டு நேரங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கணக்குப் போடும் ஃபங்ஷன். கழித்தல் கணக்கு யாருக்கும் சொந்தமில்லை, அது கிளாஸிலேயே கிடக்கலாம். முக்கால் நாள் விதியைக்கூட ஆப்ஜெக்டுக்குள் தள்ளிவிட்டேன், உன் மாத்திரைக்கு என்ன விதி என்று உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பட்டனை அழுத்துவதற்கு முன், அழுத்திய பின், ஒருவர் மட்டும் அழுத்தினால், யாருமே அழுத்தாவிட்டால் என்று எல்லா வகையிலும் சோதித்தேன். என் மகளையும் சோதிக்கச் சொன்னேன், நான் என்னையே நம்பவில்லை.

நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். கார் வருகிறது, லிப்ட் புதிது, உங்கள் அறையில் ஃபேன்கூட மாற்றியாயிற்று என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "உன் வீட்ல நீ ஒரு குறையும் வைக்கலம்மா. ஆனா அங்க நான் நோயாளி. வேளைக்கு மாத்திரை, வேளைக்கு சாப்பாடு, வேளைக்கு தூக்கம். இங்க எனக்கு ஒரு வேலை இருக்கு. சின்னவளைப் பாத்துக்கற வேலை. அதை விட்டுட்டு வரச் சொல்றியா?"

எனக்கு வலித்தது, சின்னு, மறைக்க மாட்டேன். இத்தனை வருஷம் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று ஊரே சொல்லும். அவரிடம் ஒரு வேலையும் கொடுக்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை. உன்னிடம் அவர் காய் நறுக்குகிறார் என்று படித்தபோதுகூட, பாவம், வயதானவரை வேலை வாங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அதனால் கார் வராது. துணிமணியை எடுத்து வைத்திருந்தால் திரும்ப அலமாரியில் வை. அம்மா வீட்டுக்கும் போக வேண்டாம், லேபையும் விட வேண்டாம். அடுப்பு விஷயத்துக்கு மட்டும் ஒரு வழி செய்ய வேண்டும். காலையில் தனியாக அடுப்பு பற்ற வைக்காதே, அவர் எழுந்து வந்து நிற்கட்டும். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். முதலில் முறைத்தார், பிறகு, "அப்பா அப்படியா சொன்னாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை நான் மட்டும் ரயிலில் வருகிறேன். நீ வகுப்புக்குப் போய்விட்டு வா, அவசரமில்லை. மாமாவிடம் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது. நீ விழும்போது உன்னை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று நம் வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிய வேண்டும்.

அக்கா